மலைக்காட்டில் ஒரு குடும்பப் பண்ணை

பெங்களூருவுக்குத் தெற்கே சுமார் 180 கிலோமீட்டர் தொலைவில், சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன் மலை அமைந்துள்ளது. மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகள் ஒன்றையொன்று நெருங்கும் இக்காடுகளில் சோலிகர் எனும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களது சிற்றூர் 'போடு' எனப்படும். அங்கு ஒரு குடும்பத்தின் பண்ணையைக் காணச் செல்பவர், பெரிய தோட்டம் எதையும் எதிர்பார்த்தல் ஆகாது. குடிசையை ஒட்டிய சிறு சரிவு நிலம், அதில் ராகி, மக்காச்சோளம், அவரை, ஓரத்தில் பலா, மரநிழலில் காப்பிச் செடிகள். இவ்வளவே பண்ணை.

முற்காலத்தில் சோலிகர் இடம் மாறி மாறிப் பயிரிட்டு வந்தனர். 1974ஆம் ஆண்டு இக்காடு வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின்னர் அம்முறை முடிவுக்கு வந்தது. தேன், நெல்லிக்காய் முதலியவற்றை விற்பனைக்காகச் சேகரிப்பதும், 2002ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தை அடுத்துத் தடைப்பட்டது. ஆகவே முன்பு பெருங்காடு தாங்கிய பிழைப்பை இன்று ஒரு துண்டு நிலம் தாங்க வேண்டியுள்ளது.

ராகியா, காப்பியா என்பதே குடும்பத்தின் முன்னுள்ள வினா. ராகி வீட்டுக்கு உணவு. ஆனால் கதிர் முற்றும் காலத்தில் யானையும் காட்டுப்பன்றியும் வந்துவிடும். இரவெல்லாம் பரணில் கண்விழித்துக் காத்தாலும் ஒரே இரவில் ஆண்டு உழைப்பு அழிவதுண்டு. காப்பிச் செடியை யானை அவ்வளவாக நாடுவதில்லை. எனினும் அது பலன் தர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். காப்பியை உண்டு பசியாற இயலாது. ராகியைக் கைவிட்டுக் காப்பிக்கு மாறும் குடும்பம் தன் உணவைச் சந்தை விலையிடம் ஒப்படைக்கிறது. இதை வளர்ச்சி என்று மட்டும் எழுதிவிடுவது சரியன்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்நிலங்களுக்கு உறுதி அளித்தது. உச்ச அளவு 4 ஹெக்டேர்; கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா. 2011ஆம் ஆண்டில் இம்மலை புலிகள் காப்பகமாயிற்று. அதே ஆண்டில் சோலிகரின் கிராம சபைகள் பலவற்றுக்குச் சமூக வன உரிமையும் ஏற்கப்பட்டது. ஆயினும் பட்டா நிலம் வாரிசுக்குச் செல்லுமேயன்றி விற்பனைக்கு உரியதன்று. நிலம் பிறர் கைக்குப் போகாமல் காக்கும் இவ்விதியே, நிலத்தை ஈடு வைத்துக் கடன் பெறும் வழியையும் அடைக்கிறது.

கையில் பணமில்லாத குடும்பம் பழத்தை அப்படியே உலர்த்தி, அறுவடையானதும் வந்த விலைக்கு விற்றுவிடுகிறது. பறித்த அன்றே சதை நீக்கிக் கழுவி உலர்த்திய காப்பிக்கே நல்ல விலை. ஒரு கிலோ காப்பிக் கொட்டைக்கு ஐந்து, ஆறு கிலோ பழம் தேவைப்படும். ஒரு வீட்டின் விளைச்சலுக்கென எந்திரம் வாங்குவது கட்டுப்படியாகாது. போடு முழுவதற்கும் பொதுவாகச் சதை நீக்கும் எந்திரம் ஒன்றும், கழுவத் தண்ணீரும், உலர்த்தக் களமும் அமைந்தால் நிலைமை மாறும். காப்பி வாரியத்தின் தலைமை அலுவலகம் பெங்களூருவில்தான் உள்ளது. சாலையில் ஒரு பகல் பயணமே.