ஆய்வுக் கட்டுரையில் சான்றுக் குறிப்பும் தமிழர் பெயரும்

அறிவியல் இதழுக்குக் கட்டுரை வரைவோர் பலர், இறுதியில் அமைக்கவேண்டிய சான்றுப் பட்டியலை ஒரு சடங்காகவே கருதிவருகின்றனர். ஆய்வு முடிந்தது, அட்டவணைகள் முடிந்தன, இனிப் பட்டியலை எப்படியாவது ஒட்டிவிடலாம் என்பது பொதுவான மனப்பான்மை. திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர் வட்டாரங்களிலிருந்து காந்திகிராமத்திற்கும் மதுரைக்கும் ஆய்வு மாணவராய்ச் செல்லும் நம் சபைப் பிள்ளைகளில், தம் குடும்பத்திலேயே முதன்முறையாக அச்சில் தம் பெயரைக் காண்போர் உண்டு. அவர்களுக்கு ஆலோசனை கூறும் நிலையிலுள்ள ஆயர்களும் ஆசிரியர்களும் இப்பொருளைச் சற்று விரிவாக அறிந்திருத்தல் நலம்.

சான்றுக் குறிப்பின் நோக்கம் யாது? திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. ஒரு கிணற்றில் உப்பு இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என ஒருவர் எழுதும்போது, அந்நீரைக் குடித்தவருக்கும் வயலுக்குப் பாய்ச்சியவருக்கும் அது வெறும் எண்ணன்று. அளந்தவர் யார், எந்த ஆண்டில், மழைக்கு முன்னா பின்னா என்று மூலத்திற்கே சென்று பார்க்க வழி வேண்டும். அவ்வழிதான் சான்றுக் குறிப்பு. ஆண்டும் பக்கமும் பிழைபட்டால் வழி அடைபடும். வழக்கென்று வரும்போது எதிர்வாதி முதலில் சுட்டிக்காட்டுவதும் அவ்வோட்டையைத்தான்.

திருமறை வாசிப்போருக்கு இது புதிதன்று. அதிகாரமும் வசனமும் கூறினால் எப்பதிப்பிலும் இடத்தைக் கண்டுகொள்கிறோம். 1551இல் ராபர்ட் எஸ்தியேன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வசன எண்களை இட்டதன் பயன் இது. பிற நூல்களுக்கு இவ்வசதி இல்லாமையால் பதிப்பையும் ஆண்டையும் சேர்த்தே கூறவேண்டியுள்ளது. கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. அதன் விரிவான இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. எப்பதிப்பென்று கூறாது பக்கத்தை மட்டும் கூறுவது, தெருப்பெயர் இல்லாமல் கதவெண் கொடுப்பது போலாம்.

முறைகள் பலவெனினும், பெரும்பாலும் இரண்டு வழிகளே. கட்டுரையினுள் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தருவது ஒன்று. 1881இல் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்னும் விலங்கியலார் கையாண்டதைத் தொடக்கமாகக் கொண்டு இதனை ஹார்வர்டு முறை என்பர். கட்டுரையில் வரும் வரிசைப்படி எண்ணிட்டு, அவ்வெண்ணின்படியே இறுதியில் பட்டியலிடுவது மற்றொன்று. மருத்துவ இதழாசிரியர்கள் 1978இல் வான்கூவர் நகரில் கூடி வகுத்தமையால் இது வான்கூவர் முறையாயிற்று. எதைக் கொள்வது என்பது இதழின் விருப்பமேயன்றி நம் விருப்பமன்று.

வான்கூவர் முறையில் ஓர் எடுத்துக்காட்டு காண்போம். புரதங்களின் வடிவம் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரை இவ்வாறு அமையும்: ராமச்சந்திரன் ஜிஎன், ராமகிருஷ்ணன் சி, சசிசேகரன் வி. ஸ்டீரியோகெமிஸ்ட்ரி ஆஃப் பாலிபெப்டைடு செயின் கான்ஃபிகரேஷன்ஸ். ஜே மோல் பயோல். 1963;7:95-9. இதில் 7 என்பது தொகுதி. 95-9 என்பது 95 முதல் 99 வரையுள்ள பக்கங்கள். இதழின் பெயர் சுருக்கப்பட்டுள்ளது. இச்சுருக்கங்களுக்கும் உலகப் பொதுவான அட்டவணை உண்டு, நாமாகப் படைத்துக்கொள்ளலாகாது.

இனி, நமக்கே உரிய இடர்ப்பாட்டிற்கு வருவோம். மேலைநாட்டார் பட்டியலில் முதலில் வருவது குடும்பப் பெயர். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே இனிஷியலாக முன்நிற்கிறது. இதனால் நேரும் விந்தையைக் காண்மின். 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரின் தந்தை சுப்பிரமணியன். அவர் கட்டுரைகள் ‘சந்திரசேகர் எஸ்’ எனத் தம் சொந்தப் பெயராலேயே அடுக்கப்படுகின்றன. 2009இல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமனின் தந்தை ராமகிருஷ்ணன். அவர் கட்டுரைகளோ ‘ராமகிருஷ்ணன் வி’ எனத் தந்தை பெயரில் நிற்கின்றன. தந்தையாரும் உயிர்வேதியியலார், அவர் ‘ராமகிருஷ்ணன் சிவி’. மேற்கண்ட 1963ஆம் ஆண்டுக் கட்டுரையிலுள்ள ‘ராமகிருஷ்ணன் சி’ முற்றிலும் வேறொருவர். மூவரையும் பிரித்துக் காட்டுவது ஓரிரண்டு எழுத்துகளே. காந்திகிராமத்தை நிறுவியோருள் ஒருவர் ஜி. ராமச்சந்திரன், புரத ஆராய்ச்சியாளர் ஜி.என். ராமச்சந்திரன். ஓரெழுத்து விடுபட்டால் ஆசிரமத்தார் ஆய்வகத்திற்குள் வந்துவிடுவார்.

சாமுவேலின் மகள் அருள்மேரி என ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். ஓர் இதழின் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரை எழுதினாள். பட்டியல்களில் ‘சாமுவேல் ஏ’ ஆனாள். அடுத்த இதழில் ‘அருள்மேரி எஸ்’. மணமான பின் கணவர் பெயரின் முதலெழுத்தோடு மூன்றாமவள் ஆனாள். ஒருத்தியின் உழைப்பு மூவருக்குப் பங்கிடப்பட்டது. விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பிக்கையில் அவள் கட்டுரைகளை எண்ணுவோர் கண்ணுக்கு ஒரு பங்கே படும். இது நம் பெண்மக்களுக்கே மிகுதியாய் நேர்கிறது. எழுத்து மாற்றத்திலும் குழப்பம் உண்டு: ஞானமுத்துவின் மகன் தமிழில் ‘ஞா’, ஆங்கிலத்தில் ‘ஜி’.

ஆகவே முதற் கட்டுரைக்கு முன்னரே ஒரு வடிவத்தைத் தேர்ந்து, இறுதிவரை அதனையே கொள்ளவேண்டும். சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுவதே தக்கதென்பது என் கருத்து. கடவுச்சீட்டில் வேறுவிதமாய் இருக்கிறதே என்பர். இதழ்கள் பொதுவாகக் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. மேலும் 2012 முதல் ஆர்சிட் என்னும் பதினாறு இலக்க அடையாள எண் ஆய்வாளருக்கு இலவசமாய்க் கிடைக்கிறது. பெயர் எவ்வாறு சிதைந்தாலும், அவ்வெண்ணோடு இணைக்கப்பட்ட கட்டுரைகள் ஒருவருடையவையே என்பது விளங்கும்.

பிறரைச் சான்று காட்டும்போது நிலைமை வேறு. அச்சில் உள்ளவாறே எழுதவேண்டும். வெங்கட்ராமன் என்பதே அவர் இயற்பெயர் என நாம் அறிந்திருந்தும், ‘ராமகிருஷ்ணன் வி’ என்பதைத் திருத்த நமக்கு உரிமையில்லை. ஊர்ப்பெயருக்கும் இதுவே விதி. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும்வரை இச்சமவெளி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பழைய அறிக்கையின் தலைப்பில் மதுரை மாவட்டம் என்றிருந்தால் அவ்வாறே இருக்கட்டும். 1996க்கு முன் மதராஸில் அச்சான நூலைச் சென்னையில் அச்சானதாக எழுதலாகாது. நூலகத்தில் அந்நூலைத் தேடுவோருக்கு அட்டையில் உள்ள பெயரே துணை.

இன்னுமொன்று. பிறர் பட்டியலிலிருந்து பெயர்த்தெழுதும் வழக்கம் பெருகியுள்ளது. கணினி நிரல்கள் பட்டியலை நொடியில் அமைத்துத் தருகின்றன. நம் இனிஷியல்களையும் அதே நொடியில் இடம் மாற்றிவிடுகின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், இல்லாத கட்டுரைக்கே ஆசிரியரும் ஆண்டும் பக்கமும் புனைந்து தருவதும் உண்டு. எனவே கட்டுரையை அனுப்புமுன், ஒருவர் மூலத்தைக் கையில் வைத்து உரக்கப் படிக்க, மற்றொருவர் பட்டியலோடு ஒப்பிடட்டும். முப்பது சான்றுகளாயின் ஒரு மாலைப்பொழுது போதும்.