குளிரூட்டியின் தண்ணீர் எங்கே போகின்றது?

கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சரிவின் அருமையைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ரப்பர் மரத்தின் வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து, ஏறத்தாழ 30 பாகை சரிந்து, வலப்புறம் இறங்கும். பால் அந்தக் கோட்டிலேயே வழிந்து மங்கில் விழும். சரிவு தவறினால் பால் கோட்டைத் தாண்டிப் பட்டையில் ஓடி வீணாகும்.

1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேலைக்கும் கட்டுமான வேலைக்கும் போனார்கள். என் தாய்மாமாவும் அப்படிப் போனவர்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர், இன்று நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு ஏர்கோண் டக்ட் வேலைகளை எடுத்துச் செய்கின்றார். நானும் தமிழ்ப்பள்ளிதான். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது இயந்திரவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு.

சென்ற ஆண்டு பருவ விடுமுறையில் வீட்டிற்குப் போயிருந்தபோது மாமாவின் முகம் சரியில்லை. பட்டணத்தில் ஒரு கட்டடத்தின் மொட்டைக் கூரையில் அவர் பொருத்திய குளிரூட்டியின் கீழே, சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகின்றதாம். கடைசித் தவணைப் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். "நானே ஒரு வாளி தண்ணி ஊத்திப் பார்த்தேன் பாப்பா. கடகடன்னு போகுது. அப்புறம் எப்படி ஒழுகும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு வருமுன், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்த்துவிடுவோம். குளிரூட்டியின் உள்ளே தண்ணீர்க் குழாய் எதுவும் இல்லை. எல்லாம் காற்றிலிருந்து வருவதே. நம் ஊரில் 32 பாகை செல்சியஸ், 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள பகல்பொழுதில், ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கும். அறைக்குள் நாம் விரும்பும் 24 பாகை, 55 விழுக்காடு நிலையில் அது 10 கிராம்தான். மீதி 11 கிராமும் குளிர்ந்த சுருளின்மேல் தண்ணீராகப் படிய வேண்டும். வெளியிலிருந்து மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை உள்ளே எடுக்கும் கட்டடத்தில் இது மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர். பத்து மணி நேர வேலை நாளில் 120 லிட்டர்! நவீன குளிரூட்டி பிறந்ததே இந்த ஈரத்தை வெளியேற்றத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அதைச் சரிசெய்யவே வில்லிஸ் கேரியர் தம் இயந்திரத்தை வடிவமைத்தார்.

மாமாவின் முதல் சந்தேகம் டக்ட் மீதுதான். அதுவும் நியாயமே. மேலே சொன்ன வெளிக்காற்று ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் கட்டத் தொடங்கிவிடும். டக்டுக்குள் ஓடும் காற்றோ 13, 14 பாகை. காப்புறையில் ஓர் இடம் கிழிந்திருந்தாலும் தகடு வியர்க்கும். காப்புப் பஞ்சு மட்டும் போதாது, அதன்மேல் நீராவி புகாத அலுமினியத்தாள் முழுமையாக மூடியிருக்க வேண்டும். திரும்பிவரும் காற்றின் டக்டில் இடைவெளி இருந்தாலும் தொல்லைதான். அது வெளியின் ஈரக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீர் கூடும். நாங்கள் ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தோம். மாமாவின் வேலையில் குறை இல்லை. தகடு படபடக்காமலிருக்க அவர் அதில் போடும் பெருக்கல் குறி மடிப்புகள்கூட அளவெடுத்தாற்போல் இருந்தன. (அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் பட்டறைப் பாடத்தில் நான் செய்த டக்ட் ஏன் தகர டப்பாபோல் ஒலித்தது என்று புரிந்தது.)

பிறகு கட்டடக் காவலாளி ஒன்று சொன்னார். வேலை நேரத்தில் மட்டும்தான் சொட்டுகின்றது. மாலையில் இயந்திரத்தை நிறுத்தியதும் கூரைக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகின்றது.

விடை அதில்தான் இருந்தது. இவ்வகை இயந்திரத்தில் விசிறி சுருளுக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கின்றது. ஆகவே சுருளுக்கு அடியிலுள்ள தண்ணீர்த்தட்டும் உறிஞ்சும் பகுதிக்குள் அடங்கிவிடுகின்றது. நாம் உறிஞ்சுகுழலில் குளிர்பானம் குடிப்பதுபோல், விசிறி வடிகுழாய் வழியே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தண்ணீர் வெளியேற முடியாமல் தட்டில் ஏறி, வழிந்து, டக்டுக்குள் இறங்கும். மாமா வாளியில் ஊற்றிப் பார்த்தபோது விசிறி ஓடவில்லை!

இதைத் தடுக்கவே வடிகுழாயில் வளைவாக ஒரு டிராப் வைக்கின்றார்கள். அதில் தேங்கும் தண்ணீர் காற்றுக்குக் கதவாக நிற்கும். ஆனால் எல்லா வளைவும் டிராப் ஆகிவிடாது, ஆழம் வேண்டும். மீன் தொட்டிக்குப் போடும் தெளிந்த குழாயை வளைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இயந்திரத்துக்குள் விட்டேன். விசிறி ஓடியதும் இரு பக்கத் தண்ணீருக்கும் 50 மில்லிமீட்டர் வேறுபாடு. அப்படியென்றால் டிராப்பின் வெளிவாய், தட்டின் வாயைவிட அந்த 50-உம் பாதுகாப்புக்கு 25-உம் சேர்த்து 75 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். வெளிவாய்க்குக் கீழே இன்னும் அதில் பாதி, 38 மில்லிமீட்டர், தண்ணீர் நிற்க வேண்டும். விசிறி தொடங்கும்போது உள்பக்கத் தண்ணீர் 25 ஏறும், வெளிப்பக்கம் 25 இறங்கும். அப்போதும் கதவு திறக்கக்கூடாதல்லவா? குழாயின் தடிப்பு 32-ஐயும் சேர்த்தால் மொத்தம் 145.

மாமா இரண்டு எல்போக்களை ஒட்டிச் செய்திருந்த டிராப்பின் வெளிவாய், தட்டின் வாயைவிட 15 மில்லிமீட்டர்தான் தாழ்ந்திருந்தது. "ஆழமா வைக்க எங்க இடம்?" என்றார். உண்மைதான். தட்டின் வாய்க்கும் கூரைத் தளத்துக்கும் நடுவே இருந்ததே 110 மில்லிமீட்டர். இயந்திரம் உட்கார்ந்திருந்த சிமெண்டு மேடையைக் கட்டியது வேறொரு குத்தகையாளர். வரைபடத்தில் "டிராப் வைக்கவும்" என்று இருந்ததே தவிர, ஆழமும் இல்லை, அதற்கேற்ற மேடை உயரமும் இல்லை. மேடை கட்டியவர் வரைபடத்தைக் காட்டினார். வரைந்தவர் வந்து பார்க்கவே இல்லை. பணம் நின்றது மாமாவுக்கு மட்டும்.

அன்றிரவு படத்தோடும் கணக்கோடும் மலாய்மொழியில் இரண்டு பக்கக் கடிதம் எழுதினோம். மூன்று வாரம் கழித்து இரும்புச் சட்டம் வாங்கும் செலவை ஏற்றுக்கொண்டார்கள், கூலியை அல்ல. மாமாவும் அவர் ஆட்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்து இயந்திரத்தை 75 மில்லிமீட்டர் தூக்கி, டக்டின் கான்வாஸ் கழுத்தைப் புதிதாக மாற்றி, 145-க்கு டிராப் அமைத்தார்கள். அதற்கப்பால் குழாயை ஒரு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் சரிவில் மழைநீர்த் துளைவரை கொண்டுபோனோம். டிராப்பின் மேல்பக்கம் மூடியோடு ஒரு திறப்பும் வைத்தோம். பாசி படிந்தால் அதன்வழி கழுவிவிடலாம். சொட்டு நின்றது. பணமும் வந்தது, இரண்டு மாதம் தாமதமாக.

அந்த மலாய்க் கடிதத்தை மாமாவின் ஆட்களுக்கு நான் விளக்கியபோது, அவர் இடைமறித்து, "தமிழ்ல எழுதிக் குடு பாப்பா, இவனுங்க பார்த்துச் செய்யட்டும்" என்றார். இக்கட்டுரையின் முதல் பிரதி அவருடைய பட்டறைச் சுவரில், தகடு வெட்டும் மேசைக்கு மேலே, ஒற்றைத் தாளில் ஒட்டியிருக்கின்றது. அதன் அடியில் மாமா பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கின்றார்: "விசிறியப் போடுறதுக்கு முன்னாடி டிராப்புல தண்ணி ஊத்து." நான் எழுத மறந்தது அது.