அறிமுகம் செய்தால் கமிஷன்: வாங்கலாமா?

லேக் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும் நம்மவர்களுக்குக் காய்கறியோடு செய்தியும் கிடைக்கும். யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள், எந்தக் கடையில் நல்ல காபிப்பொடி வந்திருக்கிறது என்பதெல்லாம் பை நிறைவதற்குள் தெரிந்துவிடும். சென்ற மாதம் எனக்கு அங்கே கிடைத்தது ஒரு வியாபார யோசனை. நம் சங்கக் குடும்பத்துப் பையன் ஒருவன், சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவன், வாழைப்பூ பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, உங்களுக்கு ஊரெல்லாம் ஆளைத் தெரியும். கடைக்காரர், ஸ்கூல், நர்சிங் ஹோம், யாருக்காவது சாஃப்ட்வேர் வேணும்னா எங்க கம்பெனியைச் சொல்லுங்க. ஆர்டர் வந்தா பில் தொகையில் பத்து பர்சென்ட் உங்களுக்கு. நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், போன் நம்பர் கொடுத்தாப் போதும்" என்றான்.

"யோசித்துச் சொல்கிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்மில் ஓய்வு பெற்றவர்கள் பலர். பழக்கம் அதிகம், வருமானம் குறைவு. இந்த யோசனை எனக்கு மட்டும் வந்திருக்காது. எனவே இதைப் பற்றி நான் பட்டு அறிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆளை அறிமுகப்படுத்திக் கமிஷன் வாங்குவது கெட்ட தொழில் அல்ல. சிறிய கம்பெனியால் சம்பளம் கொடுத்து விற்பனை ஆட்களை வைக்க முடியாது. படா பஜார் வியாபாரியோ, முன்பின் தெரியாதவன் சொல்வதை நம்பி லட்சக்கணக்கில் முன்பணம் கொடுக்க மாட்டார். இருவரையும் அறிந்த ஒருவர் நடுவில் நின்றால் காரியம் நடக்கும். அந்த உழைப்புக்குக் கூலி நியாயமே. தமிழில் இதைத் தரகு என்றோம். வங்காளத்தில் தஸ்தூரி என்றார்கள். அந்நாளில் சென்னையில் துபாஷியும் கல்கத்தாவில் பனியனும் வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்க்காரருக்கும் நடுவே நின்று செய்தது ஏறக்குறைய இந்த வேலைதான்.

கேள்வி கமிஷனைப் பற்றியது அல்ல. அது யாருக்குத் தெரிந்து வாங்கப்படுகிறது என்பதே கேள்வி. இதை நான் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை பெரிது.

சில ஆண்டுகளுக்கு முன், எஸ்ரா தெருவில் மின்சாதன மொத்தக் கடை வைத்திருக்கும் வங்காளி நண்பர் ஒருவர், சரக்கிருப்பும் பில்லும் பார்க்க மென்பொருள் வேண்டும் என்றார். முப்பது வருடப் பழக்கம். "நீ என்ஜினியர், உனக்குத் தெரியும். எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டார். எனக்கு அறிமுகமான ஒரு கம்பெனியைச் சொன்னேன். 4,00,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார்கள். எனக்கு 10 விழுக்காடு, 40,000 ரூபாய். அப்போதிருந்த 5 விழுக்காடு வரிப் பிடித்தம் போக 38,000 ரூபாய் என் கணக்கில் வந்தது. நண்பரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்று மாதத்தில் முடிக்கிறோம் என்றவர்கள் பதினோரு மாதம் இழுத்தார்கள். கணினி காட்டிய இருப்பு ஒன்று, கிடங்கில் எண்ணியது ஒன்று. ஒத்துக்கொண்ட வேலையை அவர்கள் வேறொருவரிடம் கொடுத்துச் செய்தது பிறகுதான் தெரிந்தது. தகராறு முற்றிய ஒருநாள், "உங்கள் ஆளுக்கும் இதில் பங்கு கொடுத்திருக்கிறோமே" என்று கம்பெனிக்காரர் என் நண்பரிடமே சொல்லிவிட்டார்.

நான் 40,000 ரூபாயை உறையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். நண்பர் உறையைத் தொடவில்லை. "இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேலையை மட்டும் முடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றார். குரலில் கோபமே இல்லை. ஆனால் முப்பது வருடமாக என்னைத் 'துமி' என்று அழைத்தவர் அன்று 'ஆப்னி' என்றார். வங்காளத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரியாதை கூடியது போல் தோன்றும். உறவு ஒரு படி இறங்கிவிட்டது.

அதன்பின் எட்டு சனிக்கிழமைகள் நான் அந்தக் கடையில் உட்கார்ந்து, கம்பெனிப் பையனோடு ஒவ்வொரு சரக்கையும் சரிபார்த்து வேலையை முடிக்க வைத்தேன். மென்பொருள் இன்றும் ஓடுகிறது. விஜயாவுக்கு நண்பர் வீட்டிலிருந்து மிஷ்டி வருகிறது. அவர் வாயில் இன்றும் 'ஆப்னி' தான்.

என் தவறு எங்கே? நான் ரயில்வேயில் இருந்தபோது இதே காரியத்தைச் செய்திருக்க மாட்டேன். ஒப்பந்தக்காரர் ரயில்வே ஊழியருக்கு லஞ்சமோ கமிஷனோ பரிசோ கொடுத்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்ய ரயில்வேயின் ஒப்பந்த நிபந்தனைகள் இடம் தருகின்றன. சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுபவர் சரக்கு விற்பவரிடம் பணம் வாங்கினால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பேது? என் நண்பர் என்னிடம் கேட்டது போன் நம்பரை அல்ல, ஒரு என்ஜினியரின் கையெழுத்தை. டாக்டர்கள் நோயாளியை வேறிடம் அனுப்பியதற்காகக் கமிஷன் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் விதித்ததற்கும் காரணம் இதுவே. நம்பி வந்தவனுக்கு யோசனை சொல்பவர் மறுபக்கம் கை நீட்டக் கூடாது.

இந்தப் பாடம் நம் நகரத்துக்குப் புதிதல்ல. துவாரகாநாத் தாகூர் 1834-இல் இங்கே கார், தாகூர் கம்பெனியைத் தொடங்கினார். 1836-இல் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை வாங்கினார்கள். ஹூக்ளியில் கப்பல்களை இழுத்துச் செல்லும் நீராவிப் படகுக் கம்பெனியையும் அவர்களே நிர்வகித்தார்கள். அந்தப் படகுகளுக்கு நிலக்கரி எங்கிருந்து வந்தது? அவர்களுடைய சுரங்கத்திலிருந்தே. விற்பவரும் அவரே, வாங்குபவருக்காக விலை பேசுபவரும் அவரே.

அதே வழியில் கிளைவ் தெருவில் மேனேஜிங் ஏஜென்சிகள் பெருகின. பல ஏஜென்சிகள் உற்பத்தியின் மேலோ விற்பனையின் மேலோ கமிஷன் வாங்கின. பங்குதாரருக்கு நஷ்டம் வந்த வருடத்திலும் ஏஜெண்டுக்கு வரும்படி உண்டு. இதைக் கட்டுப்படுத்தவே 1936-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கமிஷனை நிகர லாபத்தோடு கட்டிப்போட்டது. 1970 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு அந்த முறையே ஒழிக்கப்பட்டது. பில்லைப் பார்த்துக் கமிஷன் கணக்கிட்டால் பில் பெரிதாக வேண்டும் என்ற ஆசைதான் வளரும். வேலை நன்றாக முடிய வேண்டும் என்ற கவலை வளராது. என் 40,000 ரூபாயும் அப்படி வந்ததே.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவின்படி, ஏஜெண்ட் தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல் அந்தக் காரியத்தில் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த லாபத்தைக் கேட்கும் உரிமை நியமித்தவருக்கு உண்டு. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பிறகே ஏஜெண்டுக்குக் கூலி என்கிறது 219-ஆம் பிரிவு.

இனி, இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

முதலாவது, நீங்கள் யாருடைய ஆள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "இந்தக் கம்பெனி எனக்குக் கமிஷன் தரும். வேறு இரண்டு இடத்திலும் விலை கேட்டுக்கொள்ளுங்கள்" என்ற இரண்டு வாக்கியம் போதும். இதைச் சொன்ன பிறகும் அவர் வாங்கினால் உங்கள் கூலி வெள்ளைப் பணம் மட்டுமல்ல, வெள்ளை மனதோடு வாங்கும் பணமும் ஆகும்.

இரண்டாவது, கம்பெனியுடன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எத்தனை விழுக்காடு, முதல் பில்லுக்கு மட்டுமா, வருடாந்திரப் பராமரிப்புக்கும் உண்டா, வாடிக்கையாளர் பணத்தைத் திரும்பக் கேட்டால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வாடிக்கையாளர் வேலையை ஏற்றுக்கொண்ட பிறகே கமிஷன் என்று நீங்களே எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அந்தக் கம்பெனியின் மென்பொருளை ஒரு வருடமாவது பயன்படுத்திய இரண்டு பேரையாவது நேரில் பாருங்கள். வேலையை யார் செய்வார்கள் என்று கேளுங்கள். பதிப்புரிமை யாருக்கு என்றும் கேளுங்கள். எழுத்தில் மாற்றிக் கொடுக்காவிட்டால், காசு கொடுத்து எழுத வைத்த மென்பொருளின் பதிப்புரிமை பொதுவாக எழுதிய கம்பெனியிடமே நிற்கும்.

நான்காவது, வரி. கமிஷனில் பிடிக்கும் வரி 2024 அக்டோபர் 1 முதல் 2 விழுக்காடாகக் குறைந்தது. பிடித்ததோடு கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். பென்ஷனோடு இந்த வருமானத்தையும் கணக்கில் காட்ட வேண்டும். எந்தப் படிவம் என்று ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஐந்தாவது, வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு. 1966-ஆம் ஆண்டு ரயில்வே பணியாளர் நடத்தை விதிகளின்படி, மனைவியோ குடும்பத்தாரோ நடத்தும் கமிஷன் ஏஜென்சிக்கு ஊழியர் ஆள் பிடித்துக் கொடுப்பதும் விதிமீறலே. மத்திய அரசு ஊழியருக்கும் இதே போன்ற விதி உண்டு. அப்பா பெயரில் ஏஜென்சி, பிள்ளை ஆபீசில் ஆர்டர் என்ற ஏற்பாடு வேண்டாம்.

சென்ற ஞாயிறு அந்தப் பையனை மீண்டும் பார்த்தேன். "உன் கம்பெனி செய்த இரண்டு இடங்களை எனக்குக் காட்டு. பிடித்திருந்தால் சொல்கிறேன். ஆனால் கமிஷன் உண்டு என்பதை வாங்குபவரிடம் நானே சொல்லிவிடுவேன், சம்மதமா?" என்றேன். தலையைச் சொறிந்தான். "அப்படிச் சொன்னா அவங்க பேரம் பேசுவாங்களே மாமா?"

"பேசட்டுமே. பத்தில் ஐந்தை அவருக்கு விலையில் குறைத்துக் கொடு. மீதி ஐந்து எனக்குப் போதும்" என்றேன்.

முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறான். பதில் வந்தால் வரட்டும். வேலை தேடி வந்த இந்த ஊரில் நம் பெரியவர்கள் நமக்குச் சேர்த்து வைத்தது வீடோ நிலமோ அல்ல. 'மதராஸி பாபு சொன்னால் சரியாக இருக்கும்' என்ற ஒரு பேர். அதைப் பத்து விழுக்காட்டுக்கு விற்றால் நஷ்டம் நமக்குத்தான்.