எங்கள் காலடியில் என்ன இருக்கிறது?

திருநெல்வேலியில் எமது பெண்கள் குழுவின் மாதக் கூட்டம் ஒரு வீட்டுக் கிணற்றடியில், வேப்பமர நிழலில் நடந்தது. முதல்நாள் தொலைக்காட்சியில் எரிமலை வெடித்ததைப் பார்த்துவிட்டு வந்த ஓர் அக்கா, ஒரு பிடி செம்மண்ணை அள்ளிக் காட்டினார். "பிள்ளை, எங்கட மண்ணும் இப்பிடிச் சிவந்து கிடக்குது. இதுவும் நெருப்பிலை வெந்த மண்ணோ? எங்களுக்குக் கீழையும் உப்பிடி ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். ஆனால் 2004 மார்கழியில் கடல் எழுந்து வந்ததைக் கண்ட எமக்கு இது சிரிப்புக்குரிய கேள்வியல்ல. அதற்காகத் தேடி அறிந்தவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் என்றொரு கரையோர நகரம் உண்டு. அதன் அருகே வெசூவியஸ் எரிமலை நிற்கிறது. கி.பி. 79 இல் அது வெடித்தபோது பொம்பேய் நகரம் சாம்பலுக்குள் புதைந்தது. அதே எரிமலைச் சாம்பல் பின்னர் வளமான தோட்ட மண்ணாயிற்று. சாம்பல் இறுகி உண்டான மஞ்சள் நிறக் கல்லை வெட்டியே நேப்பிள்ஸ் மக்கள் வீடு கட்டினார்கள். கல் வெட்டிய நிலக்கீழ்க் குழிகளில் குடிநீரைச் சேமித்தார்கள். அருகிலுள்ள பொற்சுவோலி என்ற துறைமுக ஊரில் 1982 முதல் 1984 வரை நிலம் ஐந்தடிக்கும் மேல் உயர்ந்தது. வீடுகள் வெடித்தன. பல்லாயிரம் மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இடப்பெயர்வு என்றால் என்னவென்று அந்தத் தாய்மாருக்கும் தெரிந்திருக்கும்.

எமது நிலத்தின் கதை வேறு. இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. திருகோணமலைக் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளும் எரிமலையால் வந்தவையல்ல. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டை ஏற்று மேலே வருகிறது. 2004 கடற்கோளும் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட பூமியதிர்ச்சியால் வந்ததே.

யாழ்ப்பாணக் குடாநாட்டை உருவாக்கியது கடல். ஒரு காலத்தில் இந்த இடத்தில் ஆழமில்லாக் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பி, சங்கு, பவளப்பூச்சி முதலியவற்றின் ஓடுகள் மிக நீண்ட காலமாகப் படிந்து இறுகிச் சுண்ணக்கல்லாயின. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, 1990 இல் போரினால் மூடப்படும்வரை, இந்தக் கல்லைத்தான் அரைத்தது. செம்பாட்டு மண்ணின் சிவப்பும் நெருப்பினால் வந்ததல்ல. மண்ணிலுள்ள இரும்பினால் வந்த நிறம்.

சுண்ணக்கல் மழைநீரில் மெல்ல மெல்லக் கரையும். அதனால் எமது நிலத்தின் கீழே வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளும் உள்ளன. நிலாவரைக் கிணறு அப்படியொரு குகையின் கூரை இடிந்து உண்டானது என்பார்கள். அங்கே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது நாம் அறிந்ததே. கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும் இந்த வெடிப்புகளின் வழியேதான்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத எமக்கு மாரி மழையே தஞ்சம். கல்லினூடாக இறங்கும் மழைநீர், பாரம் கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் அந்தளவுக்கு ஏறிவரும். துலாவால் அள்ளியவரை நீர் ஊற நேரம் இருந்தது. மோட்டர் நாள்முழுக்க இறைத்தால் அந்த நேரம் கிடையாது.

இன்னுமொரு விடயம் தாய்மாருக்கு மிக முக்கியமானது. மண்ணில் விடும் நீரை மணல் வடிப்பதுபோல வெடிப்புள்ள சுண்ணக்கல் வடிப்பதில்லை. தோட்டத்தில் அளவுக்கு மீறிப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. யாழ்ப்பாணத்தின் பல கிணறுகளில் இந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால், சிறு குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைக் கொண்டுசெல்லும் சக்தி குறைந்து, உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகும். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதற்கு எமது ஊரில் இதுவும் ஒரு காரணம்.

இவற்றை அடுத்த கூட்டத்தில் சொன்னபோது அந்த அக்கா எதுவும் பேசவில்லை. எழுந்துபோய், மலசலகூடக் குழியிலிருந்து கிணறுவரை காலடியால் அளந்தார். பன்னிரண்டு அடிவைப்பு. பொதுவாகச் சொல்லப்படும் 50 அடித் தூரம் அங்கே இல்லை. அவருடைய பேரப்பிள்ளைக்கு நான்கு மாதம்.

"நெருப்பெண்டு பயந்தன். பயப்பிட வேண்டியது இதுக்கல்லோ," என்றார்.

சகோதரிகளே, மீள்குடியேறிய காணிகளில் பலர் புதிதாகக் குழி வெட்டுகிறோம்; பழைய கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்குகிறோம். குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தள்ளி அமையுங்கள். அதன் அடியையும் சுவரையும் சீமெந்தால் பூசுங்கள். பசளையை அளவோடு இடுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, கிணற்று நீரைப் பரிசோதிக்க வழிசெய்யுங்கள். நாம் மண்ணில் விடுவதையே நாளை எம் பிள்ளைகள் குடிக்கப்போகிறார்கள்.