ஏழு புள்ளி உலகில் ஒரு வட்டம்

தாளும் பென்சிலும் எடுங்கள். நம் தளத்தில் ஏழே புள்ளிகள். கோடுகளும் ஏழே: 124, 235, 346, 457, 561, 672, 713. எந்த இரு கோடுகளும் சந்தித்தே தீரும். இணைகோடு என்ற பேச்சே இல்லை.

ஒரு கோட்டில் எத்தனை புள்ளிகளோ, அத்தனை புள்ளிகளை, எந்த மூன்றும் ஒரே கோட்டில் அமையாதபடி எடுத்தால், அதுவே இங்கு வட்டம். 1, 2, 3 அத்தகையது. 1-ஐ மட்டும் தொடும் கோடு 561, 2-க்கு 672, 3-க்கு 346. மூன்று தொடுகோடுகளும் 6-இல் கூடுகின்றன! பள்ளியில் வரைந்த வட்டத்தில் இது நடக்குமா?

இது தற்செயல் அன்று. வட்டப்புள்ளிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்க. வட்டத்துக்கு வெளியேயுள்ள புள்ளி எதிலிருந்தும் வெட்டுகோடுகள் அவற்றை இரண்டிரண்டாகவே கொண்டுபோகும். ஒன்றாவது மிஞ்சும், அதற்குத் தொடுகோடு. ஆக, ஒரு வெட்டுகோட்டின் புள்ளி ஒவ்வொன்றிலும் தொடுகோடு உண்டு. வட்டப்புள்ளிக்கு ஒன்றாக, தொடுகோடுகளும் அத்தனையே. எனவே அங்கு புள்ளிக்கு ஒன்றுதான். இரு தொடுகோடுகள் கூடும் புள்ளி வழியே வெட்டுகோடு செல்லாது. அங்கிருந்து வட்டத்தை அடையும் கோடெல்லாம் தொடுகோடே. (1952-இல் க்விஸ்ட் நிறுவியது.)

இரட்டைப்படையில் கதை வேறு. அதுவே எனக்கு அதிக வியப்பு. முடிவுறு புலத்தின் மேல் அமைத்த தளத்தில் அத்தகைய கூட்டம் எதுவாயினும் அது இருபடிச் சமன்பாட்டுக் கூம்பு வளைவே என்று 1955-இல் இத்தாலியரான செக்ரே நிறுவினார். வெறும் எண்ணிக்கையைச் சொன்னோம். சமன்பாடு வந்து நிற்கிறது.