ஊதாக் களிம்பு

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் தங்கித்தான் நாகர்கோவில் சித்தி ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்தில் மார்புக்குக் கதிர் சிகிச்சை எடுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் கேட்டார்: "ஏ மக்கா, கக்கமெல்லாம் கருகிப்போய்க் கெடக்கு. இம்புடு தேங்கண்ணெய் தேய்ச்சா என்ன?"

அடுப்புச் சூடு போலக் கதிர் தோலைச் சுடுவதில்லை. மேல்தோலின் அடியில் ஓயாமல் பிரிந்து புதுத்தோல் செய்யும் செல்களைக் கெடுக்கிறது. இருக்கும் தோல் தேய்ந்து உதிரும்போதுதான் கீழே ஆள் இல்லை என்று தெரியும். அதனால்தான் இரண்டு மூன்று வாரத் தாமதம். சிவக்கும் என்று புத்தகங்கள் சொல்லும். நம் நிறத்தில் அது கருப்பாகத் தெரியும். பிறகு செதில் உரியும். கக்கம் போன்ற மடிப்புகளில் நீர் கசியும்.

கதிரால் வரும் இந்தத் தோல் புண்ணைச் சீன வைத்தியம் வெப்ப நஞ்சு என்கிறது. அதற்கான பூச்சுகளில் எனக்குப் பிடித்தது ஊதாக் களிம்பு. நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேன்மெழுகை உருக்கி, ஒரு வேரைப் பொரித்தெடுத்து, கடைசியில் ட்ஸுஸாவ் என்ற வேரைப் போடுவார்கள். அதன் சாயம் தண்ணீரில் இறங்காது, எண்ணெயில்தான் இறங்கும். சூடு மிஞ்சினால் நிறம் போய்விடும். நம் தைலக்காரர்கள் பதம் பார்ப்பது போலத்தான். 1617இல் சென் ஷிகோங் எழுதிய அறுவை மருத்துவ நூலில் இதன் மூலம் இருக்கிறது. ஜப்பானின் ஹனவோகா செய்ஷு அதில் பன்றிக் கொழுப்பைச் சேர்த்தார் என்பார்கள். (சைவக்காரச் சித்தியிடம் இதை நான் சொல்லவில்லை.) 1804இல் ஊமத்தை சேர்ந்த கஷாயத்தால் மயக்கி மார்புப் புற்றுநோய்க்கு அறுவை செய்தவரும் அவர்தான்.

2016இல் கொரிய மருத்துவர்கள் இதே களிம்பை மார்புக் கதிர் சிகிச்சை பெற்ற 30 பேரிடம் சோதித்து, பலன் தெரிகிறது என்றார்கள். 30 பேர் என்றதும் எனக்கு மஞ்சள் நினைவுக்கு வருகிறது. 2013இல் அமெரிக்காவில் மஞ்சளில் உள்ள குர்குமின் மாத்திரையும் இதே தோல் புண்ணுக்கு 30 பேரிடம் ஜெயித்தது. 600 பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்தபோது வெறும் மாத்திரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊதாக் களிம்பிலும் வேலை செய்வது வேரா, ஈரத்தைப் பூட்டிவைக்கும் எண்ணெயும் மெழுகுமா என்பதே என் சந்தேகம்.

சித்தியின் கேள்விக்கு டாக்டர் சொன்ன பதில் சுருக்கமானது: வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத சோப்பு, தளர்வான பருத்தி ரவிக்கை, அவர் எழுதிக்கொடுத்த க்ரீம். புண்ணான இடத்தில் கேட்காமல் எதுவும் கூடாது. எதைப் பூசினாலும் கதிருக்கு முன் அப்பக் கூடாது. தடித்த பூச்சு, தோலின் மேற்பரப்பில் விழும் கதிரின் அளவைக் கூட்டிவிடும்.

கடைசிக் கதிர் முடிந்த பின்னும் ஒரு வாரம் எரிச்சல் ஏறிக்கொண்டுதான் போனது. அதன் பிறகே புதுத்தோல் வந்தது. தேங்காயெண்ணெய் அதுவரை சித்தியின் தலைக்கு மட்டும்.