தலைச்சுற்றா? தலையை ஆட்டுங்கள்!



முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. இந்தச் செய்திமடலை முகத்துக்கு முன்னே பிடித்து, இடமும் வலமுமாக வேகமாக அசைத்தபடி வாசிக்கப் பாருங்கள். எழுத்துக்கள் கலங்கிவிடும். இனித் தாளை அசைக்காமல், "இல்லை" என்று சொல்வதுபோல் தலையை அதே வேகத்தில் ஆட்டிக்கொண்டு வாசியுங்கள். வாசிக்க முடிகிறதல்லவா? இரண்டாவது முறை உங்களுக்கு உதவியது கண் மட்டுமல்ல, காதும்தான்.

உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பியதும் அவை அதை உணர்ந்து நரம்பு வழியாக மூளைக்கு அறிவிக்கின்றன. மூளை உடனே கண்களை எதிர்ப்பக்கமாக, அதே வேகத்தில் திருப்புகிறது. இதற்குச் செல்லும் நேரம் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதனால்தான் நடக்கும்போதும் உலகம் நமக்கு ஆடாமல் நிற்கிறது.

ஓர் அம்மாவின் கதை

வெக்ஸ்போர்ட்டில் வசிக்கும் எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.) தடிமன் காய்ச்சலுக்குப் பின் ஒரு காலை திடீரென்று வீடே சுழன்றது, ஓயாத சத்தி. வைத்தியசாலையில் பக்கவாதம் இல்லை என்று உறுதிசெய்து, உட்செவி நரம்பில் அழற்சி என்றார்கள். ஒரு கிழமையில் சுழற்சி நின்றது. ஆனால் இரண்டு மாதம் கழித்தும், "டொக்ரர், நடந்தால் றோட்டுத் துள்ளுது. 54ஆம் இலக்க பஸ்ஸிலை இருந்து கடைப் பெயரை வாசிக்கேலாமல் கிடக்கு" என்றார். லோறன்ஸ் வீதிக் கடைகளில் சாமான் தட்டுகளுக்கு இடையே போனால் மிதப்பதுபோல் இருக்குமாம்.

மகன் சொன்னார்: "அம்மா விழுந்துபோவா எண்டு நாங்கள் அசைய விடுறேல்லை. இரவிலை தலைச்சுத்துக் குளிசையும் தவறாமல் குடுக்கிறம்."

அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்த அன்புதான் அவரைக் குணமாகவிடாமல் வைத்திருந்தது. அவர்களை நான் குறை சொல்ல முடியாது. தொழில் தொடங்கிய காலத்தில் நானும் "ஆறுதலாகப் படுங்கோ" என்று சொல்லிக் குளிசை எழுதிக் கொடுத்தவன்தான்.

ஏன் படுக்கக்கூடாது?

பாதிக்கப்பட்ட நரம்பு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். ஆனால் மூளை புதிதாகக் கற்றுக்கொள்ளும். தலை திரும்பும்போது காட்சி வழுக்கினால், "கண் பிந்திவிட்டது" என்ற பிழை சிறுமூளைக்குத் தெரியும். அது கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும். தலையை அசைக்காமல் வைத்திருந்தால் பிழையே தெரியாது. பிழை தெரியாவிட்டால் திருத்தமும் இல்லை. கிறவோல் போன்ற மருந்துகள் முதல் சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் எடுத்தால் இந்தக் கற்றலையே மந்தமாக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1940களில் இலண்டனில் கோதோர்ன், குக்ஸி என்ற இரு வைத்தியர்கள், தலையை அசைத்துப் பழகிய நோயாளிகள் விரைவில் தேறுவதைக் கண்டு ஒரு பயிற்சித் தொகுப்பை உருவாக்கினார்கள். இன்றைய முறைகள் அதிலிருந்து வளர்ந்தவை.

பயிற்சி எப்படி?

1. ஒரு கடதாசியில் "அ" என்று எழுதி, கண் மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். கை நீட்டும் தூரத்தில் கதிரையில் இருங்கள்.

2. எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், தலையை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்டுங்கள். எழுத்துத் தெளிவாக இருக்கும் அளவுக்கு வேகத்தைக் கூட்டுங்கள். மங்கினால் சற்றுக் குறையுங்கள். ஒரு நிமிடம்.

3. ஓய்வெடுத்து, "ஓம்" என்பதுபோல் மேலும் கீழுமாக ஒரு நிமிடம்.

4. பழகியபின் நின்றபடி செய்யுங்கள். பிறகு பூப்போட்ட சேலை ஒன்றைத் தொங்கவிட்டு அதன்மேல் எழுத்தை ஒட்டிச் செய்யுங்கள்.

அமெரிக்க பிசியோதெரப்பிச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, ஒரு பக்கப் பாதிப்பு புதிதாக ஏற்பட்டவர்கள் நாளுக்கு மூன்று தடவையாவது, மொத்தம் 12 நிமிடமாவது செய்யவேண்டும். நாட்பட்டவர்களுக்கு 20 நிமிடம், நான்கு முதல் ஆறு கிழமைகள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டும் பயிற்சி இதற்குப் பயன்படாது என்றும் அதே வழிகாட்டல் கூறுகிறது.

செய்யும்போது இலேசான தலைச்சுற்று வரும். பயப்படவேண்டாம்; சில நிமிடங்களில் அடங்கவேண்டும். நெடுநேரம் நீடித்தால் அளவைக் குறையுங்கள். கழுத்து எலும்புத் தேய்வு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம்.

எல்லாத் தலைச்சுற்றும் ஒன்றல்ல

படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடிகள் சுற்றினால், அது உட்செவியில் நுண்கற்கள் இடம்மாறியதாக இருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை உண்டு. திடீர்த் தலைச்சுற்றுடன் இரட்டைப் பார்வை, பேச்சுக் குளறல், முகம் கோணல், கைகால் பலவீனம், கடும் தலையிடி, நிற்கவே முடியாமை இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 911ஐ அழையுங்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டமைசின் ஊசிகள் இரண்டு காதுகளின் சமநிலையையும் கெடுக்கக்கூடும். 1952இல் ஓர் அமெரிக்க வைத்தியர், ஸ்ட்ரெப்டோமைசினால் தமக்கு நேர்ந்ததை எழுதினார். நாடித் துடிப்பிலேயே எழுத்துக்கள் துள்ளியதால், கட்டில் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கி வைத்துத்தான் வாசித்தாராம். இத்தகையவர்களுக்குப் பயிற்சி உதவும், ஆனால் மெதுவாக. இவர்கள் கண்ணையும் பாதத்தையும் நம்பியே நடப்பவர்கள். மின்சாரம் இல்லாத 1990களின் யாழ்ப்பாணத்தில், காசநோய்க்கு அந்த ஊசி போட்ட ஒருவர் பகலில் நன்றாக நடந்து, இருட்டில் முற்றத்தில் விழுவதை மாணவனாகப் பார்த்திருக்கிறேன். ஊரார் அவர் குடித்திருக்கிறார் என்றார்கள். இன்று அந்த முகம் நினைவுக்கு வருகிறது.

எங்கே கேட்பது?

உட்செவிச் சமநிலைப் பயிற்சியில் தேர்ந்த பிசியோதெரப்பிஸ்ற் இருக்கிறாரா என்று உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். 65 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சில நிலையங்களில் ஓஹிப் செலவை ஏற்கும்; முதலில் விசாரியுங்கள்.

அந்த அம்மா குளிசையைப் படிப்படியாக நிறுத்தி, ஆறு கிழமை பயிற்சி செய்தார். பேரப்பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்து நிமிடம் எண்ணினான். இப்போது தனியே கடைக்குப் போகிறார். பஸ்ஸிலிருந்து பெயர்ப்பலகையும் வாசிக்கிறார். சட்டென்று திரும்பினால் இன்னும் சிறிது மங்குமாம். பரவாயில்லை. இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் எரியட்டும்.